மேல்பல்லும் கண்ணும்: பல்வலி வைத்தியத்தின் பழைய கணக்கு

பல்வலிக்கு மனிதர்கள் முதலில் கண்ட காரணம் புழு. உண்ணத் தந்த அத்திப்பழத்தை வேண்டாமென்று தள்ளிவிட்டு, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே குடியிருக்க இடம் கேட்டு வாங்கிய ஒரு புழுவின் கதையைப் பாபிலோனியர் களிமண் பலகையில் மந்திரமாக எழுதி வைத்தார்கள். ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதை வாய்நோய்களை 65 என்று எண்ணுகிறது. அவற்றில் பல்லுக்கென்று உள்ளவை எட்டு. அந்த எட்டில் ஒன்றின் பெயரே கிருமிதந்தம். தமிழில் இன்றும் சொத்தைப்பல் 'பூச்சிப்பல்'தான். மிட்டாய் கேட்டு அழும் குழந்தையிடம் அம்மா சொல்வதும் 'பல்லில் பூச்சி விழும்' என்பதுதான்.

காரணம் புழு என்றால், அதை வெளியேற்றுவதே வைத்தியம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இதற்குக் கைகொடுத்தது கண்டங்கத்திரி. தரிசு நிலத்தில் முள்ளோடு படர்ந்து கிடக்கும் செடி அது. பழுத்து மஞ்சளான காயைக் காயவைத்து, விதையை நெய்யிலோ எண்ணெயிலோ பிசறித் தணலில் போடுவார்கள். எழும் புகையைப் புனல் போன்ற ஒன்றால் மூடி, குழாய் வழியாக வலிக்கும் பல்லின்மேல் படும்படி பிடிப்பார்கள். வாயில் ஊறும் எச்சிலைத் துப்பித் துப்பி, கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருப்பார் நோயாளி. கடைசியில் வெள்ளையாகச் சிறு நூல்போல ஏதோ விழும். 'பார், பூச்சி!' என்று வைத்தியர் காட்டுவார்.

ஐரோப்பாவில் இதே வேலைக்குக் குரோசாணி ஓமத்தின் விதையைப் புகைத்தார்கள். அங்கே விழுந்த 'புழு', சூட்டில் வெடித்த விதைக்குள் இருந்த முளைக்கரு என்று பிற்பாடு தெரியவந்தது. கண்டங்கத்திரியின் கதையும் பெரும்பாலும் அதுவே. வைத்தியர்கள் எல்லோரும் ஏமாற்றினார்கள் என்று சொல்லிவிட முடியாது. பலர் தாமே நம்பித்தான் செய்தார்கள். நம்புவதற்கு இடமும் இருந்தது. சொத்தை ஆழமாகிப் பல்லுக்குள் இருக்கும் கூழ் அழுகும்போது, வலி உச்சத்துக்குப் போய், நரம்பு செத்ததும் தானாகவே அடங்கிவிடும். அதற்கு முந்தைய நாள் என்ன செய்திருந்தாலும் பெருமை அதற்குத்தான் போகும். சில மாதம் கழித்துத் தாடை வீங்கும்போது, புகை பிடித்ததையும் இதையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

வலியை மரக்கச் செய்யும் மருந்துகளின் கதை இதைவிட நேர்மையானது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அக்கரகாரத்தை மென்றால் நாக்கும் ஈறும் சுரீரென்று மரத்துப்போகும். கிராம்பு இன்னும் கெட்டிக்காரச் சரக்கு. அதன் எண்ணெயில் பெரும்பகுதி யூஜினால் என்ற பொருள். கிருமியையும் அடக்கும், நரம்பையும் மரக்கச் செய்யும். துத்தநாக ஆக்சைடுப் பொடியோடு யூஜினாலைக் குழைத்து, தற்காலிகமாகப் பல்லை அடைக்கும் வழக்கம் பல் மருத்துவமனைகளில் நெடுங்காலமாக உண்டு. பாட்டி பஞ்சில் தோய்த்து வைத்த கிராம்புத் தைலத்தின் வாசனை டாக்டர் அறையிலும் அடிப்பது இதனால்தான். ஆனால் கிராம்பு சொத்தையை ஆற்றாது. வலியைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவே.

மரக்கச் செய்தும் அடங்காவிட்டால் மிஞ்சியது குறடு. இந்த வேலை பெரும்பாலும் நாவிதர் கையில் இருந்தது. கட்டி கீறுவதும் பல் பிடுங்குவதும் அவர் பொறுப்பு. அவர் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். நாவிதரை 'மருத்துவர்' என்றும் 'பரியாரி' என்றும் அழைத்த வழக்கம் இந்தத் தொழிலின் தடயம். ஆடும் பல்லை எடுப்பது அவருக்கு எளிது. உறுதியாக நிற்கும் கடைவாய்ப்பல்லை, மயக்கமருந்து எதுவும் இல்லாமல், இரண்டு பேர் தோளை அழுத்திப் பிடித்துக்கொள்ள அசைத்து எடுப்பது வேறு சங்கதி. வேர் முறிந்து உள்ளேயே நின்றுவிடும். சில சமயம் தாடையெலும்பும் விரியும்.

இந்தப் பயத்தோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டது: மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும். இது வெறும் திண்ணைப் பேச்சாகப் பிறந்ததல்ல. ஆடினாலும் மேல்பல்லை எடுக்கக்கூடாது, எடுத்தால் மிகுதியாக ரத்தம் போய் ஒரு கண் குருடாகும், முகவாதம் வரும் என்று சுசுருத சம்ஹிதையே எச்சரிக்கிறது. உடற்கூற்றின்படி இது தவறு. மேல்பற்களின் உணர்ச்சியைச் சுமப்பது முகத்தின் முக்கிளை நரம்பு. பார்வை நரம்பு தனி. ஆயினும் அந்த எச்சரிக்கையை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது நியாயமில்லை. மேல் கோரைப்பல்லின் வேரில் சீழ் பிடித்தால் வீக்கம் கண்ணுக்குக் கீழேதான் எழும். அந்தத் தொற்று முகத்து ரத்தக்குழாய்கள் வழியாகக் கண்குழிக்கும் மூளையின் அடிப்பக்கத்துக்கும் பரவக்கூடும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லாத காலத்தில் அப்படிக் கண்ணையோ உயிரையோ இழந்தவர்கள் இருந்திருப்பார்கள். குற்றம் சீழினுடையது, பழி குறட்டின்மேல் விழுந்தது.

புழுவின் கதையை முடிக்கத் தொடங்கியவர் பாரிஸ் நகரத்துப் பல் மருத்துவர் பியேர் ஃபோஷார். 1728இல் வெளிவந்த தம் நூலில், நுண்ணோக்கியில் தேடியும் பல்புழு எதையும் காணவில்லை என்று எழுதினார். 1890இல் பல் மருத்துவர் டபிள்யூ. டி. மில்லர் உண்மையான காரணத்தைச் சொன்னார்: வாயிலுள்ள நுண்ணுயிர்கள் மாவையும் சர்க்கரையையும் புளிக்கவைத்து உண்டாக்கும் அமிலமே பல்லைக் கரைக்கிறது.

காரணம் தெரிந்ததால் மட்டும் யாரும் நாற்காலியில் தைரியமாக உட்கார்ந்துவிடவில்லை. அதற்கு வலி போகவேண்டியிருந்தது. 1844 டிசம்பரில் அமெரிக்கப் பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸ் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை முகர்ந்துகொண்டு, தம் கடைவாய்ப்பல்லையே சக மருத்துவர் ஒருவரைப் பிடுங்கச் சொன்னார். 1884இல் கொகெயின், 1905இல் புரோகெயின், 1943இல் லிக்னோகெயின் என்று மரப்பு மருந்துகள் தேறிக்கொண்டே வந்தன. குடைகருவியும் வளர்ந்தது. 1871இல் ஜேம்ஸ் மாரிசன் செய்தது தையல் மிஷின்போலக் காலால் மிதிப்பது. 1957இல் வந்த காற்றுச்சுழலி நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்று சுற்றியது. பல்லைப் பிடுங்காமல் குடைந்து, அடைத்து, காப்பாற்றும் வழி சாமானியருக்கும் திறந்தது இதற்குப் பிறகுதான்.

இந்தியாவில் முதல் பல் மருத்துவக் கல்லூரியை அமெரிக்காவில் படித்துத் திரும்பிய ரஃபியுதீன் அகமது 1920இல் கல்கத்தாவில் தொடங்கினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு வர 1953 ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் நோயாளிகளைப் பார்த்தவர்களில் பட்டம் பெறாதவர்களே மிகுதி. தொழிலைத் தந்தையிடம் கற்ற சீனக் குடும்பங்கள் கல்கத்தாவில் போலவே சென்னையிலும் பல் கட்டும் கடை நடத்தின. ஹுபெய் மாகாணத்திலிருந்து கிளம்பி வந்தவர்கள் அவர்கள். நடைபாதையில் துணி விரித்து, பல்செட்டுகளையும் பிடுங்கிய பற்களையும் பரப்பி உட்கார்ந்தவர்களும் உண்டு. 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் பதிவேட்டை இரண்டாகப் பிரித்தது: பட்டதாரிகளுக்கு 'ஏ', பட்டமில்லாமல் அத்தொழிலையே பிழைப்பாகக் கொண்டிருந்தவர்களுக்கு 'பி'. பழைய தொழிலாளியை ஒரே நாளில் தெருவில் நிறுத்தாமல், புதியவருக்குக் கதவை மூடிய ஏற்பாடு அது.

இன்று பல்வலியோடு போகிறவர் முன்னால் ஃபில்லிங், ரூட் கேனால், அதன்மேல் கேப், பிடுங்குதல், பிடுங்கிய இடத்தில் பாலமோ இம்ப்ளான்டோ என்று வரிசையாக வழிகள் இருக்கின்றன. பயம் குறைந்த இடத்தில் பணக் கணக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. பிடுங்குவது மலிவு என்பது அன்றைக்கு மட்டும் உண்மை. பல் போன இடத்தை நோக்கிப் பக்கத்துப் பற்கள் சாயும். எதிர்ப்பல் எதிரே தாங்க ஒன்றுமில்லாமல் நீண்டு இறங்கும். கூழ்வரை போகாத சொத்தைக்கு ஃபில்லிங்கே போதும் என்பதால், வலி வருமுன் போகிறவருக்குத்தான் செலவு மிகக் குறைவு.

மேல்பல்லை எடுத்தால் பார்வை போகாது. ஆனால் பல்வலியோடு கண்ணுக்குக் கீழே வீங்கினாலோ, காய்ச்சல் கண்டாலோ, வாய் திறக்க முடியாமல் போனாலோ, கிராம்பை வைத்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.