கடற்கரையில் பிறந்த ஆசை



வட பிரான்ஸில் ஹார்தலோ என்றொரு கடற்கரை ஊர். இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், பார்சி வணிகர் ஆர். டி. டாட்டாவின் குடும்பத்தார் கோடை நாட்களை அங்கே கழிப்பது வழக்கம். அவ்வூரிலேயே லூயி பிளேரியோவுக்கும் வீடு இருந்தது. 1909 ஜூலை 25-ஆம் நாள் ஆங்கிலக் கால்வாயை முதன்முதலாக விமானத்தில் கடந்தாரே, அந்தப் பிளேரியோதான். மணற்பரப்பில் விமானங்கள் வந்திறங்கும் அதிசயத்தைக் கண்டு வளர்ந்தான் டாட்டாவின் மகன் ஜஹாங்கீர். 15-ஆம் வயதில் தானும் ஒருமுறை ஏறிப் பறந்தான். விமானியாவது என்ற உறுதி அன்றே அவன் உள்ளத்தில் வேரூன்றிற்று.

ஆனால் ஆசைக்கும் கைகூடுதலுக்கும் இடையே ஏறத்தாழ 10 ஆண்டுகள் கழிந்தன. பம்பாயில் விமானப் பயிற்சிக் கழகம் ஏற்பட்ட பின்னரே ஜே. ஆர். டி. டாட்டா முறையாகப் பயின்றார். 1929 பிப்ரவரி 10-ஆம் நாள் அவர் பெற்ற உரிமத்தின் எண் 1.

இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசளிப்பதாக ஆகாகான் அறிவித்திருந்தார். 1930 மே மாதம் ஜே. ஆர். டி. கராச்சியிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டார். அஸ்பி எஞ்சினியர் என்ற 17 வயதுப் பிள்ளை இங்கிலாந்திலிருந்து எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்தான். எகிப்தில் அபூகிர் விமானத்தளத்தில் இருவரும் சந்தித்தனர். அஸ்பியோ மாற்று ஸ்பார்க் பிளக் இன்றி, மேலே செல்ல வழியறியாது நின்றுகொண்டிருந்தான். காணாதவர்போல் போயிருந்தால் பரிசு ஜே. ஆர். டி.க்கே கிடைத்திருக்கக்கூடும். அவரோ தம்மிடம் இருந்ததை எடுத்துக் கொடுத்தார். மே 11-ஆம் நாள் அஸ்பி கராச்சியை அடைந்தான். சில மணி நேர வேறுபாட்டில் பரிசு அவனுடையதாயிற்று. அந்தப் பிள்ளைதான் 1960-இல் இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதியானவர். கொடுத்ததற்காக ஜே. ஆர். டி. ஒருநாளும் வருந்தியதில்லை.

ஊர்க் கடிதத்தை எதிர்பார்த்துத் தபால்காரர் வரும் வழியைப் பார்த்திருந்த நம்மனோர்க்கு இதன் அடுத்த பகுதி நெருக்கமானது. 1932 அக்டோபர் 15-ஆம் நாள், ஒற்றை எஞ்சின் கொண்ட சிறிய புஸ் மாத் விமானத்தில் கராச்சியிலிருந்து தபால் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தாமே ஓட்டிவந்தார் ஜே. ஆர். டி. அங்கிருந்து அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டுசேர்த்தார். பிற்காலத்து ஏர் இந்தியாவுக்கு அதுவே வித்து.

சரியாக 50 ஆண்டுகள் கழித்து, 1982 அக்டோபர் 15 அன்று, அதே கராச்சி–பம்பாய் வழியில் ஒரு பழைய லெப்பர்டு மாத் விமானம் பறந்தது. அதைத் தனியாக ஓட்டிவந்த ஜே. ஆர். டி.க்கு அப்போது வயது 78.