டிகெம் குன்றின் நீர்க்கணக்கு

பிரான்சின் தென்மேற்கில், போர்தோ நகரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தென்கிழக்கே, கரோன் நதியின் இடக்கரையில் சொத்தேர்ன் வட்டாரம் இருக்கிறது. இனிப்பு வெள்ளை ஒயினுக்குப் பெயர் பெற்ற மண் அது. அங்குள்ள மேட்டு நிலங்களில் உயர்ந்த ஒரு குன்றின்மேல் ஷத்தோ டிகெம் என்னும் பழம்பெரும் பண்ணை அமைந்திருக்கிறது. 1855ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சிக்காகப் போர்தோ ஒயின்களைத் தரம் பிரித்தார்கள். அப்போது இனிப்பு ஒயின்களில் முதல் தரத்துக்கும் மேலாக ஒரு தனிப்படி வகுத்து, அதில் இந்த ஒரு பண்ணையை மட்டும் வைத்தார்கள்.

திராட்சைத் தோட்டங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் மண்ணுக்கு ஒரு பகுதி, தட்பவெப்பத்துக்கு ஒரு பகுதி என்று ஒதுக்குவது வழக்கம். டிகெமைப் பொறுத்தவரை அந்தப் பிரிவினை செல்லாது. இலையுதிர் காலத்தின் சில வாரங்களில் அங்கே மூன்று காரியங்கள் ஒன்றாக நடந்தாக வேண்டும். காலைக் காற்றில் ஈரம் நிறைய வேண்டும். வேரடியில் ஈரம் தேங்கக் கூடாது. கனிக்குள் இருக்கும் நீர் மெல்ல வற்ற வேண்டும். மண்ணும் வானமும் சேர்ந்து நடத்தும் இந்த நீர்க்கணக்கில்தான் அந்தப் பண்ணையின் பெருமை முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் துணிபு.

முதலில் மண். மேல்பரப்பில் கூழாங்கல்லும் பருஞ்சரளையும். ஆற்றோடு வந்து, நீண்ட காலத்துக்கு முன் படிந்தவை இவை. பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் கொடிகளுக்குத் திருப்பித் தருபவையும் இவையே. சரளைக்குக் கீழே களிமண். இந்த அடிக்களிமண்தான் டிகெமின் சேமிப்பு. அந்தக் கொடிகள் வானத்தை நம்பி வளரும் மானாவாரிப் பயிர்; மழையில்லாத கோடையில் அவற்றின் வேர்கள் களிமண்ணில் தங்கிய ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும். ஆனால் தண்ணீரைப் பிடித்து வைக்கும் அதே களிமண், மழை மிகுந்தால் வேரை மூச்சுத் திணற வைக்கும். குன்றாக இருந்தும் நீர் தானாக வடிந்துவிடவில்லை. ஆகவே 19ஆம் நூற்றாண்டில் தொடங்கி நிலத்தடியில் குழாய்களைப் பதித்தார்கள். இன்று அந்த வடிகால்களின் மொத்த நீளம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் என்கிறார்கள். தோட்டத்தின் பரப்போ 100 ஹெக்டேரை ஒட்டியது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஹெக்டேருக்கு ஒரு கிலோமீட்டர். அதாவது சராசரியாகப் பத்து மீட்டருக்கு ஒரு வரிசைக் குழாய். இயற்கை தந்த மண் என்று எல்லோரும் புகழ்கிற அந்த நிலத்தில் பாதி, மண்வெட்டி பிடித்த மனிதர்கள் செய்த மண். அவர்களை யாரும் நினைப்பதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

இனி வானம். லாந்த் பகுதியின் பைன் காடுகளிலிருந்து சிரோன் என்ற சிற்றாறு புறப்படுகிறது. கரையோர மரங்களின் நிழலிலேயே பெரும்பாலும் ஓடி வருவதால் அதன் நீர் எப்போதும் குளிர்ந்திருக்கும். அது வந்து சேரும் கரோன், வெயில் வாங்கி வெதுவெதுத்த அகன்ற நதி. செப்டம்பர், அக்டோபர் மாதங்களின் குளிர்ந்த இரவுகளில் இரண்டு நீரும் கலக்கும் வெளியில் மூடுபனி எழுந்து, தோட்டங்களின்மேல் படர்ந்து, காலை முழுதும் தங்கிவிடும். நண்பகலில் வெயில் ஏறியதும் கலைந்துபோகும். பிற்பகலில் வெயிலும் காற்றும் கொடிகளை உலர்த்தும்.

இந்த ஈரமும் உலர்வும் மாறிமாறி வருவதில்தான் போட்ரிடிஸ் சினெரியா என்னும் பூஞ்சை பிழைக்கிறது. பழத்தோட்டக்காரர்களுக்கு இது பகையாளி. மழை தொடர்ந்தால் சாம்பல்நிற அழுகலாகிப் பயிரையே தின்றுவிடும். பனியும் வெயிலும் முறையாக வந்தால் அதே பூஞ்சை வேறு விதமாக நடந்துகொள்கிறது. முற்றிப் பழுத்த திராட்சையின் தோலில் கண்ணுக்குத் தெரியாத துளைகளை இடுகிறது. அவற்றின் வழியே நீர் ஆவியாகிறது. சர்க்கரையும் புளிப்பும் உள்ளே செறிகின்றன. பூஞ்சை தன் பங்குக்குக் கிளிசராலையும் புது மணங்களையும் சேர்க்கிறது. டிகெமில் பெரும்பகுதி பயிராவது செமியோன் என்னும் வகை. மெல்லிய தோலுடையது என்பதால் பூஞ்சைக்கு எளிதில் இடம் கொடுக்கும். எஞ்சிய பகுதி சொவிஞோன் பிளாங்க்.

அக்டோபரில் ஒரு குலையைக் கையில் ஏந்திப் பார்த்தால் எல்லாப் பருவமும் ஒன்றாகத் தெரியும். ஒரு பக்கம் பொன்னிறத்தில் விம்மிய கனிகள். அவற்றின் அருகே பழுப்புப் புள்ளி விழத் தொடங்கியவை. அடுத்து, முழுதும் ஊதாப் பழுப்பாகி இன்னும் உருண்டையாகவே இருப்பவை. மறுபக்கம் வற்றிச் சுருங்கி, மேலே சாம்பல் பொடி பூத்தவை. வேண்டியது இந்தக் கடைசி வகை மட்டுமே. பறிப்பவர்கள் சிறு கத்தரியால் அவற்றை மட்டும் நறுக்கி எடுத்துக்கொண்டு, மீதியைக் கொடியிலேயே விட்டுவிடுவார்கள். சில நாள் கழித்து அதே கொடிக்கு மறுபடி வருவார்கள். ஒரே பருவத்தில் ஐந்து ஆறு முறை வருவது சாதாரணம். அறுவடை நவம்பர் வரை நீண்ட ஆண்டுகளும் உண்டு. முடிவில் ஒரு கொடிக்கு ஒரு கோப்பை ஒயின் தேறும். ஹெக்டேருக்குச் சராசரி ஒன்பது ஹெக்டோலிட்டர், அதாவது 900 லிட்டர்தான்.

இவ்வளவு காத்திருப்பவர்கள் நட்டத்துக்கும் தயாராக இருக்க வேண்டும். 1952இல் ஆலங்கட்டி மழை விளைச்சலை அழித்தது. 1964, 1972, 1974, 1992, 2012 ஆகிய ஆண்டுகளிலும் டிகெம் என்ற பெயரில் ஒரு புட்டிகூட வெளிவரவில்லை. கைக்கு வந்தது பெயருக்குத் தகாது என்று உரிமையாளர்கள் முடிவு செய்தார்கள். 1785ஆம் ஆண்டுத் திருமணத்தின் வழியாக லூர்-சலூஸ் குடும்பத்திடம் வந்த பண்ணை, இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அவர்களிடம் இருந்து, 1990களின் இறுதியில் எல்.வி.எம்.எச். குழுமத்தின் கைக்கு மாறியது. 2012இல் நிராகரித்தவர்கள் புதிய உரிமையாளர்கள். கை மாறியும் அந்தக் கண்டிப்பு மாறவில்லை என்பது எனக்கு மிகுந்த மதிப்பைத் தருகிறது.

இன்று கவலை வேறு திசையிலிருந்து வருகிறது. போர்தோ முழுவதும் கோடை வெப்பம் ஏறி, அறுவடை முன்னுக்கு நகர்ந்திருக்கிறது. கனி விரைவில் பழுக்கிறது. பனி தன் வேளையில்தான் வரும். இரண்டும் சந்திக்கத் தவறினால் பூஞ்சை பிடிக்காமலே பழம் உலர்ந்து, வெறும் இனிப்பு மட்டும் மிஞ்சும். வசந்தத்தில் முன்னதாகத் துளிர்க்கும் கொடிக்கு உறைபனியும் எமன். 2017 ஏப்ரலில் போர்தோ வட்டாரம் அதைப் பட்டறிந்தது. சிரோன் கரையின் பழைய மரங்களைக் காப்பது, இந்த நிலையில், ஒயின் தொழிலின் பாதுகாப்பும் ஆகிறது. நிழல் போனால் ஆற்றின் குளிர்ச்சி போகும். குளிர்ச்சி போனால் பனி மெலியும்.

இம்மலரைப் படிக்கும் வேளாண் மாணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு தோட்டத்தின் மண்ணைச் சோதனைக்கு எடுக்கப் போகும்போது, அங்கே பனி எத்தனை மணிக்கு விலகுகிறது, மழைநீர் எந்தப் பக்கம் வடிகிறது, அருகிலுள்ள ஓடையின் கரையில் மரம் நிற்கிறதா என்பவற்றையும் அதே குறிப்பேட்டில் எழுதி வாருங்கள்.