பொறு எனும் குறி: கம்பியில்லா மோடத்தில் ஓட்டக் கட்டுப்பாட்டின் வரலாறு

சொல்வதெழுதுதல் வகுப்பை நாம் அனைவரும் அறிவோம். ஆசிரியர் வாசிக்கிறார்; மாணவர் எழுதுகிறார். வாசிப்பு விரைந்தால், மாணவர் கேட்ட தொடரைச் சற்று நேரம் நினைவில் தாங்கிக்கொண்டே எழுதுகிறார். அந்நினைவும் நிரம்பியபின் அவருக்கு இரண்டே வழிகள் உள்ளன: "ஐயா, பொறுங்கள்" என வேண்டுவது, அல்லது சில சொற்களை இழப்பது. தரவு அனுப்பும் கருவிகளின் நிலையும் இதுவே. தரவைத் தாங்கி வைக்குமிடத்தைப் பஃபர், அதாவது இடைத்தேக்கம், என்கிறோம். பொறுக்கச் சொல்லும் முறையை ஓட்டக் கட்டுப்பாடு என்கிறோம். அந்தப் 'பொறு' எவ்வழியே செல்ல வேண்டும் என்ற வினாவுக்குக் காலந்தோறும் கண்ட விடைகளை இங்கு நோக்குவோம்.

முதல் விடை, செய்தி செல்லும் வழியிலேயே குறியையும் அனுப்புவது. 1963இல் ஆஸ்கி குறியீட்டு முறை வெளிவந்தது. அதில் 17, 19 ஆகிய எண்கள் கருவிகளைக் கட்டுப்படுத்தும் குறிகளாக ஒதுக்கப்பட்டன. நொடிக்கு 10 எழுத்துகளைக் கையாண்ட டெலிடைப் 33 கருவியின் காகித நாடாப் படிப்பியைக் கணினி 17ஆல் இயக்கியது, 19ஆல் நிறுத்தியது. எக்ஸ்-ஆன், எக்ஸ்-ஆஃப் என இவை பெயர்பெற்றன.

இம்முறைக்கு ஒரு குறை உண்டு. "பொறுங்கள்" என்ற சொல் பாடத்திலேயே வந்தால், அது வேண்டுகோளா, எழுதவேண்டிய சொல்லா? எழுத்துகள் மட்டும் சென்றவரை இவ்வையம் எழவில்லை. படம், நிரல் முதலிய கோப்புகளில் 17, 19 எங்கும் வரலாம். வந்தால் கருவி வீணே நின்றுவிடும்.

இரண்டாம் விடை, குறிக்குத் தனிக் கம்பி. 1960இல் உருவான ஆர்எஸ்-232 தரத்தில் அனுப்ப இசைவு கேட்கவும் இசைவு அளிக்கவும் தனித்தனிக் கம்பிகள் இருந்தன. பிற்காலத்தில் இவையே ஓட்டக் கட்டுப்பாட்டுக்குப் பயன்பட்டன. இடைத்தேக்கம் நிரம்பும் தறுவாயில் மோடம் இசைவை விலக்கிக்கொள்ளும், கணினி காத்திருக்கும். இங்கே செய்தியும் குறியும் ஒருபோதும் கலப்பதில்லை.

ஆனால் வானொலியில் கம்பி ஏது? இவ்வினாவை 1971 ஜூனில் இயங்கத் தொடங்கிய ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் அலோஹாநெட் எதிர்கொண்டது. நார்மன் ஆப்ராம்சன் தலைமையில் உருவான அவ்வமைப்பில் முனையங்கள் அனைத்தும் ஒரே அலைவரிசையில், நொடிக்கு 9600 பிட் வேகத்தில் பேசின. ஒவ்வொரு முனையத்திலும் வானொலிக் கருவி, மோடம், 80 எழுத்துகள் கொண்ட ஒரு வரியைத் தாங்கும் இடைத்தேக்கம் ஆகியன இருந்தன. இருவர் ஒருங்கே பேசினால் இரண்டு செய்தியும் சிதையும். ஆகவே, 'பெற்றேன்' என்ற மறுமொழி வாராவிடில், முனையம் வெவ்வேறு அளவு காலம் பொறுத்து அதே செய்தியை மீண்டும் அனுப்பியது. அனுப்பியபின்னும் ஒரு படியைக் காத்து வைக்கும் கடமை இவ்வாறு இடைத்தேக்கத்திற்கு வந்தது. இம்முறையில் அலைவரிசையின் ஏறத்தாழ 18 விழுக்காடே அதிகபட்சமாகப் பயன்படும்.

இடைத்தேக்கத்தைப் பெரிதாக்கினால் போதாதா என மாணவர் கேட்கலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். கணினி 9600 பிட் வேகத்தில் மோடத்துக்கு நொடிக்கு 960 பைட் தருகிறது. மோடம் 1200 பிட் வேகத்தில் வானில் அனுப்புவது நொடிக்கு 150 பைட்டே. எனவே நொடிக்கு 810 பைட் தேங்கும். 4096 பைட் இடைத்தேக்கம் ஐந்து நொடியில் நிரம்பும். அதை இருமடங்காக்கினால் மேலும் ஐந்து நொடி கிடைக்கும், அவ்வளவே. தேக்கம் தற்காலிக நெரிசலைத் தாங்கும். நிலையான வேக வேறுபாட்டை நீக்காது. யாராவது 'பொறு' என்று சொல்லியே ஆகவேண்டும்.

1984இல் அமெச்சூர் வானொலியாளர்க்காக வெளிவந்த ஏஎக்ஸ்.25 நெறிமுறையின் இரண்டாம் பதிப்பு இதற்குச் செவ்விய இடம் அளித்தது. அதில் ஒவ்வொரு செய்திப் பொதிக்கும் பாடத்துக்குப் புறத்தே ஒரு கட்டுப்பாட்டுப் பகுதி உண்டு. 'இப்போது ஏற்க இயலாது' என்பதற்கெனவே ஒரு தனிப் பொதிவகையும் உண்டு. தனிக் கம்பி செய்த பணியை இங்கே அமைப்பின் இலக்கணம் செய்கிறது.

இவ்வரலாறு தமிழுக்கு அயலானதன்று. ஒருங்குறியின் யுடிஎஃப்-8 வடிவில் ஓகார உயிரெழுத்து 224, 174, 147 என மூன்று பைட்டுகளாகச் செல்கிறது. எட்டுப் பிட்டையும் நோக்கும் கருவிக்கு இதில் இடரில்லை. ஏழு பிட்டை மட்டும் நோக்கும் பழைய அமைப்போ 147இலிருந்து 128ஐக் கழித்து 19 எனக் கொள்ளும், அது நிறுத்தற்குறி. தமிழ் எழுத்துகளுள் இவ்விடர் 'ஓ' என்ற ஒன்றுக்கே உண்டு. 'ஓடு' என நாம் எழுத, கருவி 'நில்' என வாசிக்கும்!

ஆகவே, வானொலி மோடத்தோடு தமிழ் உரையை அனுப்பிப் பார்க்கும் மாணவர், உரை இடையில் நின்றால் எழுத்தைப் பழிக்க வேண்டா. 'பொறு' எனும் குறி எவ்வழியே செல்கிறது என்பதை முதலில் ஆராய்க. சொல்லையும் சொல்லைப் பற்றிய குறிப்பையும் வேறுபடுத்திக் காண்பது இலக்கண மாணவர்க்குப் பழகிய பயிற்சி. கருவியிடத்தும் அதுவே வேண்டப்படுகிறது.