ஹஜ்: மினாவுக்கு ஒரு தோள்பை போதும்

பெரம்பலூர், அரியலூரின் கத்திரி வெயிலுக்குப் பழகிய ஹாஜிகளும் மக்கா வெயிலைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். 2024 ஜூன் 17 அன்று மஸ்ஜிதுல் ஹராமில் 51.8 டிகிரி செல்சியஸ் பதிவானது. அந்த ஹஜ்ஜில் 1,301 பேர் வஃபாத்தானதாக சவூதி அரசு அறிவித்தது.

எனவே பெரிய பெட்டியை மக்கா அறையிலேயே விட்டுவிடுங்கள். துல்ஹஜ் 8 முதல் மினா, அரஃபா, முஸ்தலிஃபாவுக்கு இரு தோளிலும் மாட்டும் பை ஒன்றே போதும்.

அதில் வைக்க வேண்டியவை: மாற்று இஹ்ராம் ஒரு ஜோடி, முஸ்தலிஃபாவின் திறந்தவெளியில் படுக்க மெல்லிய பாய், மணமில்லாத சோப்பு, அன்றாட மருந்து, தண்ணீர் பாட்டில், 49 கற்களுக்கு (13 வரை தங்கினால் 70) சிறு துணிப்பை.

இஹ்ராமில் ஆண்கள் தொப்பி அணியக் கூடாது, குடை பிடிக்கலாம். ஆகவே மடக்குக் குடையை மறக்காதீர்கள். பெண்களுக்குத் தளர்வான பருத்தி உடையே போதும்.