பெரியப்பாவின் மஞ்சள் துணி: கார் கழுவுவதன் ஒரு சின்ன வரலாறு

மூன்று வருடம் முன்பு பொங்கலுக்கு அம்பகரத்தூர் போயிருந்தேன். வாங்கி நாலு மாதமே ஆன அடர்நீலக் கார். காலையில் எழுந்து வாசலுக்கு வந்தால், பெரியப்பா அதைத் துடைத்தே முடித்துவிட்டார். ஒரு வாளித் தண்ணீர், பாத்திரம் விளக்குகிற சோப்பு, பழைய வேட்டித் துணி, கடைசியில் மண்ணெண்ணெய் தொட்ட மஞ்சள் டஸ்டர். (இந்தக் காலத்தில் மண்ணெண்ணெய் எங்கே பிடித்தார் என்பது தனி ஆராய்ச்சி.) "எப்படி மின்னுது பாத்தியா தம்பி?" என்றார். மின்னத்தான் செய்தது. வெயில் ஏறி பானெட்டில் நேராக விழுந்தபோதுதான் பார்த்தேன். சிலந்தி வலை மாதிரி, வட்ட வட்டமாக, நூற்றுக்கணக்கில் மெல்லிய கீறல்.

பெரியப்பா திருநள்ளாறில் முப்பது வருடம் டூரிஸ்ட் அம்பாசடர் ஓட்டியவர். சனிக்கிழமை கூட்டத்தில் வரிசையாக நிற்கும் வெள்ளை வண்டிகளில் அவருடையது மட்டும் தனியாகத் தெரியும் என்பார்கள். கார் துடைப்பது அவருக்கு வேலை இல்லை, மரியாதை. அவரிடம் போய் "நீங்க துடைச்சுத்தான் கெட்டுப்போச்சு" என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. ஆனால் கேள்வி போகவில்லை. மென்பொருள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. பல வருடம் ஒழுங்காக ஓடிய புரோகிராம் திடீரென்று சொதப்பினால், முதலில் அதைத் திட்டமாட்டோம், அது ஓடுகிற மெஷின் மாறிவிட்டதா என்று பார்ப்போம். அப்படித் தேடப் போனதில் சேர்ந்த குறிப்புகள்தான் இவை.

தொடக்கத்துக்குப் போனால், முதல் கார்களைக் கழுவியவர்கள் குதிரை வண்டி கழுவியவர்கள்தான். சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1840-ல் தொடங்கிய சிம்ப்சன் கம்பெனி கோச்சு வண்டி கட்டும் கம்பெனி. அங்கேதான் 1903-ல் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவிக் கார் ஒன்றைச் செய்து ஓட்டிக் காட்டினார். அதே காலத்தில் சென்னையில் கார் வாங்கிய முதல் இந்தியர் என்று சொல்லப்படும் நம்பெருமாள் செட்டியார் ஓட்டியது பிரெஞ்சுத் தயாரிப்பு. அந்தக் கார்களின் உடம்பு பாதிக்கு மேல் மரம். நிறம் பூசியதும் கோச்சு வண்டிக்குப் பூசிய அதே முறையில்தான்: எண்ணெய் கலந்த நிறம் பல பூச்சு, ஒவ்வொன்றும் காயக் காத்திருப்பு, நடுநடுவே தேய்ப்பு, மேலே கண்ணாடி மாதிரி வார்னிஷ். ஒரு வண்டிக்கு வாரக்கணக்கில் ஆகும். 1914 முதல் 1925 வரை ஃபோர்டு மாடல் டி கறுப்பில் மட்டுமே வந்தது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நிறம் காயும் தலைவலிக்கு ஃபோர்டு கண்ட வழிகளில் அதுவும் ஒன்று.

கோச்சு வண்டிக்காரர்களுக்கான பழைய கையேடுகளில் கழுவும் விதிகள் ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும். வெயிலில் கழுவாதே. சேறு காய விடாதே. காய்ந்துவிட்டால் தேய்க்காதே, தண்ணீர் விட்டு ஊறவைத்து, ஓட விட்டு இறக்கு. வண்டிக்கும் சக்கரத்துக்கும் தனித்தனி ஸ்பாஞ்சு. தண்ணீரை மேலேயே உலர விடாதே, மெல்லிய தோலால் ஒற்றி எடு. குதிரை லாயத்துக்கு ஒட்டி வண்டியை நிறுத்தாதே, அந்த அமோனியா காற்று வார்னிஷைத் தின்னும். (எங்கள் வீட்டில் கார் நிற்பது மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில். அதைப் பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை.) காரணம் எளிது. மேலே இருக்கும் ஒளி ஊடுருவும் வார்னிஷ்தான் அழகு, அதுதான் காவல், அதுதான் சீக்கிரம் கீறல் விழுகிற பொருளும்.

இந்த விதிகளை வழக்கொழித்தது ஒரு வேதிப்பொருள். 1923-ல் டூபான்ட் கம்பெனியின் 'டூகோ' என்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார்களுக்கு வந்தது. வாரக்கணக்கான வேலை நாள் கணக்குக்கு இறங்கியது, நீலம் பச்சை என்று நிறங்களும் வந்தன. நம் ஊர்ப் பட்டறைகளில் 'என்.சி. பெயிண்ட்' என்பார்களே, அதன் பாட்டன் இதுதான். தச்சர்கள் இன்றும் மரச்சாமானுக்கு 'டூகோ அடிக்கிறோம்' என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், அக்கால சீட்டுக்குப் போட்ட ரெக்சினும் முதலில் அதே நைட்ரோசெல்லுலோஸை துணியில் பூசிச் செய்ததுதான். வெளியேயும் உள்ளேயும் ஒரே சரக்கு. பிற்பாடுதான் ரெக்சின் என்ற பெயரிலேயே பி.வி.சி. வந்தது.

என்.சி. பெயிண்டுக்கு ஒரு குணம். நிறமும் மேல்பூச்சும் வேறு வேறல்ல, மேலிருந்து அடி வரை ஒரே நிறம். வெயிலில் நாலு மாதம் நின்றால் மேற்பரப்பு வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி ஆகும். அந்தத் தோலைத் தேய்த்து எடுத்தால் கீழே புதுசு. அதற்குத்தான் ரப்பிங் பாலிஷ். பெரியப்பாவின் அம்பாசடர் கம்பெனி பெயிண்டை இழந்து, பட்டறையில் பட்டி பார்த்து என்.சி. அடித்த வண்டி. அவர் துடைக்கும்போது துணி பால் மாதிரி வெள்ளையாகிவிடும். சின்ன வயதில் அதை அழுக்கு என்று நினைத்தேன். வெள்ளை அழுக்கு எங்கே இருக்கிறது? அது பெயிண்ட். ஆண்டுக்கு ஆண்டு காரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்து எடுத்துக்கொண்டிருந்தார். அதனால்தான் அது மின்னியது. அவர் துணியில் மணல் இருந்து கீறல் விழுந்திருந்தாலும், அடுத்த பாலிஷில் கீறலோடு அந்தத் தோலே போய்விடும். மண்ணெண்ணெய் தாரையும் கிரீஸையும் கரைத்தது, மேலே ஒரு எண்ணெய்ப் படலத்தையும் விட்டது. கடல் தூரமில்லாத ஊரில், உப்புக் காற்றில், அந்தப் படலம் இரும்புக்கு ஒரு போர்வை. அந்தக் காருக்கு அந்த முறை சரி.

அப்புறம் மெஷின் மாறியது. 1980-களில் உலகம் முழுக்க இரண்டு அடுக்கு முறை பரவியது: கீழே மெல்லிய நிறம், மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு நம் சாலைகளிலும் மெட்டாலிக் நிறங்கள் மெல்ல வந்தன. அவை கிளியர் கோட் இல்லாமல் நிற்காது. அந்த அடுக்கின் தடிமன் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான். முடியை விட மெல்லிய கண்ணாடித் தோல். நிறம் தெரிவது அதன் வழியாகத்தான், ஆகவே ஒவ்வொரு கீறலும் வெயிலில் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். தேய்த்து எடுத்தால் திரும்ப வளராது.

இதை எழுதி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இது அந்தப் பழைய வார்னிஷ்தான்! நூறு வருடம் சுற்றி கார் மறுபடி கோச்சு வண்டியாகிவிட்டது. நடுவில் வந்த லாக்கர் காலத்தின் கைப்பழக்கம் மட்டும் நம் வீடுகளில் தங்கிவிட்டது.

அதனால் இப்போது நான் செய்வது கிட்டத்தட்ட கோச்சுக்காரர் முறை. புங்கமர நிழல், சூடு ஆறிய பானெட். முதலில் வெறும் தண்ணீர், நிறைய, தூசி தானாக இறங்கும் வரை. எங்கள் பக்கம் அறுவடைக் காலத்தில் ரோட்டிலேயே நெல் காயும், பதரும் தூசியும் பறக்கும். உமியில் சிலிக்கா உண்டு, உலர்ந்த துணியால் அதைத் துடைப்பது உப்புத்தாள் போடுவதற்குச் சமம். இரண்டு வாளி, ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் துணி அலச. மேலிருந்து கீழே, சக்கரத்துக்கு வேறு துணி. பாத்திர சோப்பு எண்ணெயை எடுக்கச் செய்தது, அது வேக்ஸையும் எடுத்துவிடும். போர் தண்ணீர் உப்பு, உலர விட்டால் வெள்ளை வளையம் நிற்கும், உடனே மைக்ரோஃபைபரால் ஒற்ற வேண்டும். மொத்தம் நான்கு வாளிக்குள் முடிகிறது. 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றார்கள். கடைமடைக்காரனுக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

உள்ளே கதை வேறு, இங்கே ஆளுக்கே ஆபத்து. அம்பாசடர் ரெக்சின் சீட்டைக் கதவைத் திறந்து வைத்து ஈரத் துணியால் துடைத்தால் ஆயிற்று, தரையில் தண்ணீரே ஊற்றினாலும் கீழே ஓட்டை வழியாகப் போய்விடும். இப்போது சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பிகள் இருக்கும், ஏர்பேக்குக்கும் பெல்ட்டுக்கும் போகிறவை. அங்கே தண்ணீரும் வேண்டாம், பிடித்து இழுக்கவும் வேண்டாம். பெட்ரோல், மண்ணெண்ணெய் தொட்ட துணி உள்ளே போகவே கூடாது, மூடிய கூட்டுக்குள் ஆவி நிற்கும், ஒரு பொறி போதும். பிளீச்சும் கக்கூஸ் ஆசிடும் கலந்தால் குளோரின் வாயு. எனக்குத் தெரிந்த ஒருவர் கறை போகவில்லை என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதைச் செய்து, இருமிக்கொண்டே வெளியே விழுந்தார். வாக்யூம், ஈரம் பிழிந்த துணி, நான்கு கதவும் திறந்து உலர விடுதல், அவ்வளவுதான். பெரியப்பா காலத்திலும் ஆபத்து இல்லாமல் இல்லை. பிரேக் டிரம்மைக் கழற்றி வாயால் தூசி ஊதுவார்கள். அந்த லைனிங்கில் இருந்தது ஆஸ்பெஸ்டாஸ்.

போன ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போனபோது பெரியப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன், கீறலைத் தவிர. அவர் நம்பவில்லை. எழுந்து போய் ஒரு வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் தொட்டு, என் கார்க் கதவின் ஓரத்தில் ஒரு விரல் அகலம் தேய்த்தார். துணியைத் திருப்பிப் பார்த்தார். நீலம் வரவில்லை. இன்னொரு முறை தேய்த்தார். இரண்டு பக்கமும் புரட்டினார்.

"நிறமே வரலையேடா."

"மேல கண்ணாடி மாதிரி ஒண்ணு இருக்கு பெரியப்பா. நீங்க தேய்க்கிறது அதைத்தான்."

கொஞ்ச நேரம் பானெட்டைச் சாய்வாக, வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்துக்கொண்டு நின்றார். பார்த்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. ஒன்றும் சொல்லவில்லை. மஞ்சள் துணியை உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "அந்த ரெண்டாவது வாளிய எடு, தண்ணி புடிச்சாறேன்" என்றார்.