யாழ்ப்பாணக் கரையோரச் சிற்றூர்கள்: விழாப் பயணமும் வரலாறும்

யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களுக்கு விடுமுறை என்பது பெரும்பாலும் விழாவோடு வருவது. ஆனியிலே நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழா, ஆடி அமாவாசையிலே கீரிமலைத் தீர்த்தம், ஆவணியிலே செல்வச்சந்நிதித் திருவிழா, புரட்டாதியிலே வல்லிபுரக் கடற்றீர்த்தம் என, மாரி மழைக்கு முந்திய நான்கு மாதங்களும் உள்ளூர் மக்களைக் கரையோரத்துக்கு அழைக்கின்றன. முன்னாளிலே மாட்டுவண்டி கட்டிக் கட்டுச்சோற்றோடு சென்று மடங்களிலே தங்கினர். பின்னாளிலே பேருந்தேறிச் சென்று அன்று மாலையே திரும்பினர். நீராடி, வழிபட்டு, பருத்தித்துறை வடையும் வாங்கிக்கொண்டு வீடு மீள்வதோடு பயணம் நிறைவுறுகின்றது.

இப்பயணங்களிலே கோயிலைக் காண்கின்றனர், கடலைக் காண்கின்றனர். இரண்டுக்கும் இடையே கிடக்கும் சிற்றூரைக் காண்பார் சிலரே. உப்புக்காற்று அரித்த மதில், கூரையிழந்த பண்டகசாலை, மணல் மூடிய இறங்குதுறை ஆகியவை வழியிலே தென்படுகின்றன. அவற்றைக் கண்டோர், இவ்வூர்கள் பாதை முடிவிலே உள்ள ஒதுக்கிடங்கள், நாட்டின் கோடிப்புறம், என்று கருதிச் செல்கின்றனர். வரலாற்றை நோக்குமிடத்து இக்கருத்துத் தலைகீழானது என்பது புலனாகும். இவையே ஒரு காலத்தில் நாட்டின் தலைவாயில்களாக விளங்கின.

விழாக்களின் வரிசையிலே முதலாவதாகிய நயினாதீவுப் பயணத்தை எடுத்துக்கொள்வோம். யாத்திரிகர் பண்ணைப் பாலங் கடந்து, வேலணைத்தீவின் வழியாகப் புங்குடுதீவை அடைந்து, குறிகட்டுவானிலே படகேறுகின்றனர். வேலணைத்தீவின் வடமுனையிலே ஊர்காவற்றுறை அமைந்திருத்தலின், அவர்கள் செல்லும் வழி அவ்வூரைத் தொடுவதில்லை. ஆயினும் ஊர்காவற்றுறையின் பழம்பெருமைக்குச் சான்று அவர்கள் வழிபடச் செல்லும் நாகபூசணி அம்மன் கோயிலிலேயே உள்ளது. பொலன்னறுவையிலிருந்து கி.பி. 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டே அச்சான்றாகும். கா. இந்திரபாலா 1963 ஆம் ஆண்டிலே இதனை ஆராய்ந்து வெளியிட்டார்.

பிறநாட்டார் ஊராத்துறைக்கு வந்து தங்கலாம் என்றும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படும் என்றும் அக்கல்வெட்டுக் கூறுகின்றது. யானையும் குதிரையும் ஏற்றிவரும் கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனின் பண்டாரத்துக்கு, எஞ்சிய மூன்று பங்கு உடையவனுக்கு. ஏனைய சரக்கேற்றிய கலம் உடைந்தால் இருவர்க்கும் சரிபாதி. உள்நாட்டுத் தலைநகரொன்றிலிருந்து ஆண்ட சிங்கள மன்னன், வட கோடியிலுள்ள துறையிலே வந்திறங்கும் வணிகர்க்குத் தமிழிலே சட்டம் பொறித்தான் என்பது ஈண்டுச் சிந்திக்கத்தக்கது. அத்துறையிலே எம்மொழி வழங்கியது, அங்கு வந்துசேரும் பொருளை அரசு எத்துணை மதித்தது என்பவற்றை அக்கல் ஒன்றே உணர்த்தும்.

போர்த்துக்கேயரும் அவர்க்குப்பின் ஒல்லாந்தரும் இத்துறையின் அருமையை அறிந்தனர். வன்னிக் காடுகளிற் பிடிபட்ட யானைகள் இங்கிருந்தே மரக்கலமேறி இந்தியாவுக்குச் சென்றன. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலினுள் நிற்கும் கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டினர். ஒல்லாந்தர் 1658 இலே அதனைக் கைப்பற்றினர். இலங்கையின் வடிவம் பன்றித்தொடை இறைச்சியை ஒத்தது என எண்ணி, அத்தொடையின் குதி எனப் பொருள்படும் ‘ஹமன்ஹீல்’ என்னும் பெயரை அதற்கு இட்டனர். வாயில் காத்த அக்கோட்டை பின்னர்ச் சிறையாகிற்று. 1971 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியிற் கைதானோர் சிலரும் அங்கே அடைக்கப்பட்டனர். இக்காலத்தில் அது கடற்படையினர் நடத்தும் விடுதியாக உள்ளது.

ஆடி அமாவாசைக்குக் கீரிமலை செல்வோர், அடுத்துள்ள காங்கேசன்துறையையும் காணலாம். மாவிட்டபுரக் கோயிலுக்குரிய காங்கேயன் திருவுருவம் வந்திறங்கியமையால் அத்துறை இப்பெயர் பெற்றது என்பது கோயில் மரபு. வடபுலத்துப் புகையிரதப் பாதையின் முதற்பகுதி கொழும்பிலிருந்து தொடங்கவில்லை. 1902 மார்ச்சு மாதத்தில் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே திறக்கப்பட்டது. கொழும்போடு யாழ்ப்பாணம் இணைந்தது 1905 ஆகத்து மாதத்திலேயாம்.

ஆவணியிலே செல்வச்சந்நிதிக்குச் செல்வோர் தொண்டைமானாற்றிலிருந்து கிழக்கே சிறிது தூரம் நடப்பின் வல்வெட்டித்துறையை அடைவர். இவ்வூரார் கப்பல் கட்டுதலிலும் கடலோட்டத்திலும் பெயர் பெற்றவர். குடாநாட்டின் பனஞ்சலாகையும் புகையிலையும் கடல் கடந்து சென்றன. சோழமண்டலக் கரையிலிருந்தும் பர்மாவிலிருந்தும் நெல்லும் அரிசியும் வந்தன. இங்குக் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் வாங்கினார். இவ்வூர் மாலுமிகள் செலுத்திய அக்கப்பல் 1938 இலே அமெரிக்காவின் குளொஸ்ரர்த் துறைமுகத்தைச் சென்றடைந்தது. உலகின் மறுபுறத்துக் கரையைக் காண இவ்வூரார்க்குத் தம் தச்சரின் கைத்திறனும் தண்டையல்களின் கடலறிவும் போதியனவாயின.

புரட்டாதியிலே வல்லிபுரம் செல்வோர் பருத்தித்துறையைக் கடந்து மணற்குன்றுகளின் நடுவே உள்ள ஆழ்வார் கோயிலை அடைகின்றனர். அம்மணலினிடையே 1936 ஆம் ஆண்டிலே பொற்சாசனம் ஒன்று கிடைத்தது. அது கி.பி. முதலாம், இரண்டாம் நூற்றாண்டுகளையொட்டி ஆண்ட வசப மன்னன் காலத்தது. நாகதீவு என்னும் பெயரைக் குறிப்பது. அதன் வாசகம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், இன்று தீர்த்தக் கூட்டம் கலைந்தபின் வெறும் மணலாய்த் தோன்றும் இவ்விடம் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மக்கள் வாழ்ந்த ஊர் என்பதில் ஐயமில்லை.

இனி, தலைவாயில் கோடிப்புறமானது எவ்வாறு? பருத்தித்துறையிலிருந்து கோடியக்கரை ஏறத்தாழ 65 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. கொழும்போ தரைவழியே ஏறத்தாழ 400 கிலோமீற்றர். கடலே பெரும்பாதையாக இருந்த காலத்தில் இத்துறைகள் உலகுக்கு அண்மையில் இருந்தன. நீராவிக் கப்பல் கொழும்புத் துறைமுகத்தை நாடியது. புகையிரதமும் தெருவும் மக்களின் முகத்தைத் தெற்கே திருப்பின. 1942 இலே பர்மா யப்பானியர் கைப்பட்டமையால் அரிசி வாணிகம் முறிந்தது. 1948 இன் பின்னர்க் கடவுச்சீட்டும் சுங்கக் கட்டுப்பாடும் பாக்குநீரிணையை எல்லையாக்கின. கடலின் அகலம் மாறவில்லை. அதனைக் கடக்கும் உரிமையே சுருங்கியது.

அதன்பின் வந்த இழப்போ இதனினும் பெரிது. உள்நாட்டுப் போரினால் 1990 இலே வடபாதையிற் புகையிரதம் நின்றது. காங்கேசன்துறையையும் கீரிமலையையும் சூழ்ந்த ஊர்களின் மக்கள் அதே ஆண்டில் இடம்பெயர்ந்தனர். 2009 இலே போர் முடிந்த பின்னரே அந்நிலங்கள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. 2004 திசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை வடமராட்சிக் கரையை அழித்தது. வீடுகளோடு ஏடுகளும், கப்பற் கணக்குகளும், உறுதிகளும், அவற்றை விளக்கவல்ல முதியோரும் மறைந்தனர். 2015 சனவரியிலே புகையிரதம் மீண்டும் காங்கேசன்துறையை அடைந்தது. 2023 ஒற்றோபரிலே நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் அங்கு வந்தது. வாயில் மீளத் திறக்கலாம். இழந்த நினைவை மீட்டல் அத்துணை எளிதன்று.

ஆதலின் விழா விடுமுறை வெறும் ஓய்வுக்குரியதன்று. கோயிற் கல்வெட்டு அரசன் சொல்லைக் காத்தது. தண்டையலின் சொல்லைக் காக்க ஒரு கல்லும் நாட்டப்படவில்லை. அது முதியோர் வாயிலும், வீட்டுப் பெட்டகத்துள் எஞ்சிய ஓரிரு கடதாசிகளிலுமே உள்ளது. தீர்த்தமாடித் திரும்பும் மாணவன், துறையோரத்துத் திண்ணையிலே அமர்ந்திருக்கும் முதியவரிடம் ‘இவ்விடத்திலிருந்து கப்பல் எங்கே சென்றது, ஐயா?’ என்று ஒரு வினா வினவி, விடையைத் தன் குறிப்பேட்டிலே எழுதிக்கொள்வானாயின், அப்பயணம் இரட்டைப் பயன் உடையதாகும். அடுத்த ஆண்டு அதே விழா வரும். அதே முதியவர் அத்திண்ணையில் இருப்பார் என்பது உறுதியன்று.