குளியலறைச் சுவரின் கதை



வீட்டுக் கடன் பற்றியும் வரிக் கணக்கு பற்றியும் நான் பேசும் நாட்களில், நிகழ்ச்சி முடிந்த பின்னர் வேறொரு கேள்வியும் வருவதுண்டு. "பழைய வீடு ஒன்று வாங்கியிருக்கிறோம். குளியலறை ரைல்ஸ் எவ்வளவு தேய்த்தாலும் வெளுக்குதில்லை. கையில் காசும் குறைவு. சனி, ஞாயிறில் நாங்களே உடைத்துவிட்டுப் புதிது போடலாமோ?" என்று கேட்பார்கள். நான் கணக்காளன், கட்டட வேலைக்காரன் அல்லன். ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது. அதை அறியாமல் சுத்தியலைக் கையில் எடுப்பது ஆபத்து. ஆகவே இம்மாத உரையை அதற்கே ஒதுக்குகிறேன்.

ஊரில் எங்களுக்குக் குளியலறை என்று தனியாக ஒன்று பெரும்பாலும் இருந்ததில்லை. கிணற்றடிதான் குளியலறை. துலாவில் அள்ளி வார்த்தால் தண்ணீர் வாழைக்கும் கமுகுக்கும் ஓடும். வெயிலும் காற்றும் கிணற்றுக்கட்டைக் காயவைத்துவிடும். பாசி பிடித்தால் தேங்காய்ப் பொச்சால் உரஞ்சினால் போதும். யாழ்ப்பாணத்து நிலத்தடி சுண்ணாம்புக்கல் என்பதால் தண்ணீரும் கடினமானது. சவர்க்காரம் நுரைக்காது, கேத்திலின் அடியில் வெள்ளைப் படை கட்டும். மூடிய அறைக்குள், வெந்நீர் ஆவிக்குள், ரைல்ஸ் சுவருக்கு நடுவே குளிப்பது புலம்பெயர்ந்த பின்னர் எங்களிற் பலர் கற்றுக்கொண்ட பழக்கம்.

அந்த ரைல்ஸ் சுவரும் மிகப் பழையதொன்றல்ல. 1840இல் றிச்சர்ட் புறொசர் என்ற ஆங்கிலேயர், உலர்ந்த களிமண் தூளை அச்சில் வைத்து அழுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவர் செய்ய நினைத்தது சட்டைப் பொத்தான். ஸ்ரோக் நகரத்து மட்பாண்ட உற்பத்தியாளர் ஹேர்பேட் மின்ரன் அந்த முறையை ரைல்ஸ் செய்யப் பயன்படுத்தினார். ஈரக் களியில் செய்த ஓடு காயும்போது சுருங்கும், வளையும். தூளில் அழுத்தியது ஒரே அளவாக, தட்டையாக வந்தது. இயந்திரத்தால் ஆயிரக்கணக்கில் செய்ய முடிந்ததால் விலையும் இறங்கியது.

பின்னர் பாஸ்ரர், லிஸ்ரர், கொக் ஆகியோரின் ஆய்வுகள், நோய்க்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் என்று உலகத்தை ஏற்க வைத்தன. ஆஸ்பத்திரி, இறைச்சிக் கடை, பாற்கடை, குளியலறை என்று எங்கும் வெள்ளை ரைல்ஸ் ஏறியது. வெள்ளையில் அழுக்குத் தெரியும், தெரிந்தால் கழுவுவார்கள் என்பது எண்ணம். சிட்னிக்கு இது வெறும் நாகரிகமாக வந்ததல்ல. 1900ஆம் ஆண்டு ஜனவரி முதல் ஓகஸ்ற் வரை இந்நகரைப் பிளேக் நோய் தாக்கியது. 303 பேருக்கு நோய் கண்டு 103 பேர் இறந்தார்கள். துறைமுகத்தை அண்டிய தெருக்களை மறித்து, வீடுகளைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தார்கள். பலவற்றை இடித்தும் விட்டார்கள்.

இனித்தான் எங்கள் பகுதிக் கதை வருகிறது. லுட்விக் ஹற்செக் என்ற ஒஸ்ரியக்காரர், கடதாசி செய்யும் இயந்திரத்தை மாற்றியமைத்து, சீமெந்தையும் அஸ்பெஸ்ரஸ் நாரையும் சேர்த்து மெல்லிய சீற் செய்யும் முறையைக் கண்டுபிடித்து 1901இல் காப்புரிமை பெற்றார். அது எரியாது, உக்காது, கறையான் தின்னாது. விலையும் மலிவு. அவுஸ்திரேலியாவில் அதற்கு "ஃபைப்றோ" என்று பெயர் விழுந்தது. ஜேம்ஸ் ஹார்டி நிறுவனம் முதலாம் உலகப் போர்க் காலத்தில் அதை இங்கேயே செய்யத் தொடங்கியது. தொழிற்சாலை இருந்த இடம் கமெலியா. பரமட்டாவுக்குப் பக்கத்தில், எங்களிற் பலர் தினமும் கடந்துபோகும் இடம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது செங்கல்லுக்கும் மரத்துக்கும் பெருந்தட்டுப்பாடு. போரிலிருந்து திரும்பியவர்களும், ஐரோப்பாவில் வீடிழந்து அகதிகளாக வந்தவர்களும் வெறுங்காணியை வாங்கி, கூடாரத்திலோ கராஜிலோ குடியிருந்துகொண்டு, வார இறுதிகளில் தாங்களே வீடு கட்டினார்கள். ஃபைப்றோவைக் கைவாளால் அறுத்து ஆணி அடித்தால் சுவர் தயார். போர் முடிந்ததிலிருந்து 1954 வரை நியூ சவுத் வேல்ஸில் மட்டும் 70,000 ஃபைப்றோ வீடுகள் எழுந்தன. அக்காலத்தில் இங்கு கட்டிய வீடுகளில் அது 52 வீதம். நாங்கள் கையில் ஒன்றுமில்லாமல் வந்து தொடங்கியது போலவே அவர்களும் தொடங்கினார்கள்.

வெளிச்சுவர் செங்கல்லாக இருந்த வீடுகளிலும், ஈரம் தாங்கும் என்பதால், குளியலறைக்கும் சலவை அறைக்கும் உள்ளே இந்தச் சீற்றைத்தான் அடித்தார்கள். அதன் மேல் பசை பூசி ரைல்ஸ் ஒட்டினார்கள். ரைல்ஸுக்குக் காசில்லாதவர்கள், மாபிள் போலக் கோலமிட்டு மினுக்கிய அஸ்பெஸ்ரஸ் சீற்றையே சுவராக வைத்தார்கள். ஆகவே, இன்று நீங்கள் தேய்த்துக் களைக்கும் அந்த ரைல்ஸின் பின்னால் ஃபைப்றோ இருக்கக்கூடும்.

அஸ்பெஸ்ரஸ் நார் சுவாசப்பைக்குள் போனால் நோய் உடனே தெரியாது. மீசோதீலியோமா என்ற புற்றுநோய் வெளிப்பட முப்பது, நாற்பது ஆண்டுகள்கூட ஆகலாம். மேற்கு அவுஸ்திரேலியாவின் விற்றெனூம் சுரங்கத்தில் 1966 வரை நீல அஸ்பெஸ்ரஸ் தோண்டினார்கள். அங்கு வேலை செய்தவர்களில் பலர் போருக்குப் பின் ஐரோப்பாவிலிருந்து வந்த புதுக் குடியேறிகள். கமெலியா தொழிற்சாலையில் 1968 முதல் 1974 வரை வேலை செய்த பேர்னி பன்ரன், ஒட்சிசன் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டே நோயாளிகளின் நட்டஈட்டுக்காகப் போராடினார். அவர் 2007 நவம்பரில் காலமானார். 2003 டிசம்பர் 31 முதல் அஸ்பெஸ்ரஸ் இந்நாட்டில் முற்றாகத் தடை செய்யப்பட்டது. ஆனால் தடைச் சட்டம் ஏற்கனவே சுவருக்குள் இருப்பதை எடுத்துவிடவில்லை. முதலில் சுரங்கத்திலும் தொழிற்சாலையிலும் வேலை செய்தவர்கள் பாதிக்கப்பட்டார்கள். அடுத்து கட்டட வேலைக்காரர்கள். இப்போது மருத்துவர்கள் கவலைப்படுவது, பழைய வீட்டைத் தாங்களே உடைத்துத் திருத்துபவர்களைப் பற்றி.

இதற்காகப் பயந்து வீட்டை விற்கத் தேவையில்லை. நல்ல நிலையில், உடையாமல், மூடியபடி இருக்கும் சீற்றால் பெரிய ஆபத்தில்லை. உடைத்தாலோ, துளைத்தாலோ, அரைத்தாலோதான் நார் பறக்கும். 1990க்கு முன்னர் கட்டிய வீடு என்றால் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உடைக்கும் எண்ணம் இருந்தால், அதற்கு முன் தகுதியுள்ள ஒருவரைக் கொண்டு மாதிரி எடுத்து, நாற்றா அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்தில் சோதியுங்கள். முழு வேலையின் செலவோடு பார்த்தால் அது சிறிய தொகை.

நியூ சவுத் வேல்ஸில், இறுகிய வகை அஸ்பெஸ்ரஸ் 10 சதுர மீற்றருக்கு மேற்பட்டால் உரிமம் பெற்றவர்தான் அகற்றலாம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 மீற்றருக்கு 2 மீற்றர் சிறிய குளியலறை, சுவர் உயரம் 2.4 மீற்றர். நான்கு சுவரும் 19.2 சதுர மீற்றர். கதவுக்கும் யன்னலுக்கும் 3 கழித்தாலும் 16க்கு மேல் மிஞ்சும். ஆகவே "நாங்களே உடைப்போம்" என்ற பேச்சுக்கு அநேகமான வீடுகளில் சட்டத்திலும் இடமில்லை.

அப்படியானால் குறைந்த செலவில் என்ன செய்யலாம்? சுவரைத் தொடாமல், மேற்பரப்பைப் புதுப்பிக்கலாம்.

முதலில் அழுக்கின் குணத்தை அறிய வேண்டும். சிட்னித் தண்ணீர் யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரைப் போலக் கடினமானதல்ல. இங்கு ரைல்ஸில் படிவதில் சுண்ணாம்பு குறைவு, சவர்க்காரமும் உடல் எண்ணெயும் அதிகம். ஆகவே ஊர்ப் பழக்கத்தில் தேசிக்காய், வினாகிரி என்று புளிப்பை ஊற்றுவதால் பயன் குறைவு. ரைல்ஸுக்கு இடையிலுள்ள சீமெந்துச் சாந்தையும் அது அரித்துவிடும். வெந்நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் போட்டுச் சிறிது நேரம் ஊறவிட்டுத் தேய்ப்பது நல்லது. கரகரப்பான தூளால் உரஞ்சினால் மினுக்கம் கீறுப்பட்டு, பிறகு அழுக்கு இன்னும் இலகுவாகப் பிடிக்கும்.

கறுத்த சாந்துக்கு, குழந்தைகளின் நாப்பி ஊறவைக்கும் ஒட்சிசன் தூளை வெந்நீரில் கரைத்துப் பூசி, அரை மணித்தியாலம் கழித்துப் பழைய பல்துலக்கியால் தேய்க்கலாம். பிளீச்சையும் வினாகிரியையும் எக்காரணம் கொண்டும் கலக்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும். மூலையில் உள்ள சிலிக்கன் பூஞ்சணம் பிடித்துக் கறுத்திருந்தால் தேய்த்துப் பயனில்லை. வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக இடவேண்டும். சாந்து நல்ல நிலையில் இருந்து நிறம் மட்டும் போயிருந்தால், சாந்துக்கென்றே விற்கும் நிறப்பூச்சு உண்டு. ரைல்ஸ் முழுவதும் மங்கியிருந்தால் ரைல்ஸுக்கான எபொக்சிப் பூச்சுப் பூசலாம். குளித்த பின் யன்னலைத் திறந்துவிடுவதும் காற்றாடியைப் போடுவதும் எல்லாவற்றிலும் மலிவான வைத்தியம்.

ரைல்ஸ் ஆடினாலோ, தட்டும்போது பொள்ளென்று கேட்டாலோ, பின்னால் தண்ணீர் இறங்கியிருக்கலாம். பூச்சு அதற்கு மருந்தல்ல. அந்த வேலைக்கு உரியவரை அழையுங்கள். வாடகை வீடு என்றால், நீங்கள் கைவைக்காமல், வீட்டுக்காரருக்கோ முகவருக்கோ எழுத்தில் அறிவித்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு தூரம் உயிரைக் காப்பாற்றிக்கொண்டு வந்தவர்கள் நாங்கள். சொந்த வீட்டுச் சுவரை உடைத்து, அந்தத் தூசை எங்கள் பிள்ளைகள் சுவாசிக்க விடக்கூடாது. உடைக்க முன் சோதியுங்கள். இந்தச் செய்தியை, வானொலி கேட்காத உறவினர்களுக்கும் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் வேறொரு விடயத்துடன் சந்திப்போம்.